தயிர்ச்சோற்றுப் பேரம்

செய்தது நீதான். உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆளைக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் நீதான். நேற்றுக் காலை நான் கடை திறக்க வந்தபோது என் ஷட்டர் பூட்டில் ஒரு நாயைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தாய். பூட்டில். பக்கத்தில் லைட் கம்பம் இருக்கிறது, எதிரே மிக்கேல் டீக்கடையின் பந்தல்கால் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பூட்டில் கட்டினாய், ஏனென்றால் பூட்டைத் தொடாமல் நான் பிழைக்க முடியாது, நாயைத் தொடாமல் பூட்டைத் தொட முடியாது. யோசித்துத்தான் செய்திருக்கிறாய். யோசித்துச் செய்கிறவன் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு, அதனாலேயே கோபம் இன்னும் கூடுகிறது. பழைய சாமான் கடை என்றால் வேண்டாததையெல்லாம் கொண்டுவந்து தள்ளிவிடலாம் என்று நினைத்தாயா. நான் பீரோ எடுப்பேன், கட்டில் எடுப்பேன், மூடிப்போன ஆபீஸின் மேஜை நாற்காலியை மொத்தமாக எடுப்பேன், கால் ஆடுகிற சோபாவைக்கூட எடுப்பேன். ஆனால் எதை எடுத்தாலும் கொடுக்கிறவன் என் எதிரே நிற்கவேண்டும். அவன் குறையை மறைக்கவேண்டும், நான் அதைக் கண்டுபிடித்து அவன் மூஞ்சியில் சொல்லவேண்டும், அவன் தலையைச் சொறியவேண்டும், அதற்குப் பிறகுதான் விலை. அதுதான் முறை. நீ நிற்கவேயில்லை. உன் சரக்கில் என்ன குறை என்று நானே தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது, தேன் நிறம், அகலத் தலை, மூக்குப் பக்கம் மட்டும் நரைத்திருக்கிறது, உறுமல் இல்லை, கடி இல்லை. சாப்பிட மட்டும் மாட்டேன் என்கிறது.

இப்போது மத்தியானம். ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறேன். அடியில் ஒரு கோடு வெயில் உள்ளே வந்து சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறது, உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தூத்துக்குடியில் இந்த நேரத்தில் எவனும் பீரோ வாங்க வரமாட்டான். வந்தால் அவன் பீரோ வாங்க வரவில்லை, நிழலுக்கு வந்திருக்கிறான். நான் விற்காத ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இது உட்கார்ந்திருக்கிறது, நடுவில் அலுமினியத் தட்டு. தட்டில் தயிர்ச்சோறு, அதன் மேல் உதிர்த்த அவித்த முட்டை, ஓரத்தில் பிய்த்துப்போட்ட புரோட்டா, உச்சியில் மிக்கேல் வீட்டிலிருந்து வந்த வறுத்த மீன்தலை. கல்யாணப் பந்தியில் எனக்கே யாரும் இப்படிப் பரிமாறியதில்லை. இது தட்டைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறது. வாயோரத்திலிருந்து எச்சில் நூல்மாதிரி இறங்குகிறது, இறங்கி, நீண்டு, அறுந்துவிடும் என்று நான் நினைக்கிற இடத்தில் அறாமல் இன்னும் கொஞ்சம் நீள்கிறது, பிறகு தரையில் விழுகிறது, உடனே அடுத்த நூல். பசி இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்கிறது, மடக் மடக்கென்று, எல்லார் முன்னாலும். தண்ணீருக்குக் குறைவில்லை. சோறு என்று வந்தால் மட்டும் முதுகை நிமிர்த்திப் பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. மிக்கேல் வந்து எட்டிப் பார்த்தான், "அண்ணாச்சி, இது லேபரடாராக்கும், கல்லப் போட்டாலும் திங்கும்" என்றான். "அப்ப போயி ரெண்டு கல்ல எடுத்துட்டு வாரும்வே, சோத்தத்தான் திங்கமாட்டேங்குது" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். டீ ஆற்றுகிறவனுக்கு எல்லாம் சிரிப்பு.

தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். பேரத்தில் எதிராளி வாயைத் திறக்கும்முன் நம் விலையை ஏற்றக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அடிபட்டுப் படித்தேன். முதல்முதலில் ஒரு பீரோவுக்கு நானாக ஏற்றி ஏற்றிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். அன்றைக்கு எடுத்த முடிவு, என் கண் எதிராளி கண்ணை விட்டு நகராது, வாய் முதலில் திறக்காது. இந்த ரெண்டையும் வைத்துத்தான் இந்தக் கடை, வீடு, மகள் படிப்பு எல்லாம். அப்படிப்பட்ட நான், இந்த லிங்கத்துரை, ஒரு நாயிடம் தோற்றேன். நேற்று வெறும் தயிர்ச்சோறு வைத்தேன். அது பேசவில்லை. நானே முட்டை சேர்த்தேன். அது பேசவில்லை. நானே புரோட்டா வரைக்கும் போனேன், காரமில்லாத சால்னா ஊற்றச் சொல்லிப் புரோட்டாக் கடைக்காரனிடம் சண்டை வேறு. அது கைகொடுத்தது. ஆமாம், கை கொடுக்கும். யார் என்ன சொன்னாலும் வலது முன்னங்காலை எடுத்து நீட்டும். இதனால் நேற்று எனக்கு ஒரு வியாபாரமே போச்சு. கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிளுக்கு ஒருத்தர் வந்தார், நான் இன்னும் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன், மீதியை இழுத்துச் சொல்லலாம் என்று மூச்சு வாங்குகிறேன், இது எழுந்துபோய் அவருக்குக் கை கொடுத்துவிட்டது. "வெல முடிஞ்சுது அண்ணாச்சி, நாயே சொல்லிட்டுல்லா" என்கிறார் அவர். முடியலை என்றேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார். இதோ, அந்த டிரஸ்ஸிங் டேபிள் இன்னும் சுவரோரம்தான் நிற்கிறது.

தெருவே வந்து யோசனை சொன்னது. பழக்கின நாயாம். சொந்தக்காரன் ஏதோ ஒரு வார்த்தை சொன்னால்தான் வாய் வைக்குமாம். வெடிகுண்டு நாய்க்கெல்லாம் அப்படித்தானாம், எவனோ விஷம் வைத்தாலும் தின்னாதாம். மிக்கேல் அதற்கு ஆபீசர் என்று பேரும் வைத்துவிட்டான், எனக்குப் பிடிக்கவில்லை, சரக்குக்குப் பேர் வைத்தால் அப்புறம் அதை விற்க மனசு வராது. எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தையைக் கொண்டுவந்தார்கள். ஈட் என்றார்கள். காவோ என்றார்கள், துறைமுகத்தில் வடக்கத்தி ஆபீசர் யாராவது வளர்த்திருக்கலாமாம். மலையாளத்தில் ஒருத்தர் கழிச்சோ என்று கெஞ்சினார். பேங்க்கில் வேலை பார்க்கிறவர் ஒருத்தர் ஓகே, கோ, டேக் என்று வரிசையாக அடுக்கினார், ஒவ்வொன்றுக்கும் இது கை கொடுத்துக்கொண்டே இருந்தது, கடைசியில் அவருக்கே கை வலித்தது. இரவு கடை மூடும்போது தட்டை உள்ளே விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பஞ்சு மெத்தைகள் இருக்கின்றன, சோற்று வாசனைக்கு எலி வந்தால் மெத்தையெல்லாம் போச்சு. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். ஷட்டரை இறக்கும்போது உள்ளே இருட்டில் இரண்டு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போயும் அந்தக் கண் போகவில்லை. செல்வக்கனி, "என்னங்க, வந்ததுலயிருந்து மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு, ஏதும் நட்டமா" என்றாள். நட்டம்தான் என்றேன். என்ன சாமான் என்றாள். சொல்லவில்லை. நாய் என்று சொன்னால் சிரிப்பாள், அப்புறம் நாளைக்கு அவளும் ஒரு தூக்குவாளியோடு வருவாள்.

இன்றைக்குக் காலையில் ஜெனோவா டீச்சர் வந்தார். பழைய ஸ்கூட்டரில் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு வாளி, தெருநாய்க்கெல்லாம் சோறு போடுகிறவர், காது ஓரம் வெட்டியிருந்தால் கருத்தடை ஆன நாய், இல்லையென்றால் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்ய வைப்பார். இந்தத் தெருவில் எனக்கும் அவருக்கும் பழைய பகை, கடை வாசலில் சோறு கொட்டக்கூடாது என்று நான் கத்த, வாசல் உங்களுது ரோடு கவர்ன்மெண்டுது என்று அவர் கத்த. அவர் வந்து இதன் ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், கழுத்தைச் சுற்றி முடியில்லாமல் ஒரு வளையம், பெல்ட் இருந்த தடம். "வயசான நாய் அண்ணாச்சி. இன்னைக்கும் திங்கலைன்னா தாங்காது. நாலு மணிக்கு ஆட்டோ கொண்டுட்டு வாரேன், காப்பகத்துல சேத்து டிரிப் ஏத்திருவோம்" என்றார். கொண்டுபோங்க, எனக்கென்ன என்றேன். அங்கே எப்படி இருக்கும் என்றும் கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு. கூண்டில்தான், நெருக்கம், ஒரே குரைப்பு, இந்த வயசு நாயை யாரும் வளர்க்கக் கேட்டு வரமாட்டார்கள், இருக்கிறவரைக்கும் இருக்கும் என்றார். இருக்கிறவரைக்கும். கிளம்பும்போது, "அத அப்பிடி மொறைக்காதிய அண்ணாச்சி" என்றார். "என் கண்ணே அப்பிடித்தான் டீச்சர், மொறைக்கல, பாக்கேன்" என்றேன். பேரத்தில் கண்ணை எடுக்கிறவன் தோற்பான் என்று இவருக்கு எப்படிச் சொல்வது, பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் நடத்துவதில்லை. ஆகவே காலையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் இருக்கிற மூன்று பழைய கடிகாரமும் மூன்று நேரம் காட்டுகின்றன, மூன்றுமே நாலை நோக்கித்தான் போகின்றன. அதற்குள் இது ஒரு வாய் தின்றால் போதும், டீச்சரை வெறும் ஆட்டோவோடு அனுப்பிவிடுவேன். எனக்கு நாய் வேண்டாம், அது வேறு பேச்சு. ஆனால் என் கடை வாசலுக்கு வந்தது பட்டினி கிடந்து போச்சு என்று நாளைக்கு இந்தத் தெருவில் ஒரு பேச்சு வரக்கூடாது. அதுதான். வேறு ஒன்றும் இல்லை. எச்சில் மறுபடி இறங்குகிறது. இந்தத் தடவை அறுந்துவிடும். அறவில்லை.

சாப்பிடேன். என்ன வேண்டும் உனக்கு, சொல்லித் தொலை. இதைக் கேட்கும்போதே கை கொடுக்கிறது. கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. என் வயிறும் கத்துகிறது. செல்வக்கனி கொடுத்துவிட்ட டிபன் கேரியர் இன்னும் திறக்காமல் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே ஒரு உயிர் எச்சில் வடிய உட்கார்ந்திருக்கும்போது எப்படித் திறப்பது. அதுவும் போக, எதிரே யாராவது இருந்தால் எனக்கே சாப்பிட வராது. அது ஒரு கிறுக்கு. கடையில் பீரோவுக்குப் பின்னால், வீட்டில் சுவரைப் பார்த்து. கல்யாண வீட்டில் எதிர்ப் பந்தி இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். செல்வக்கனி கட்டிவந்த புதிதில், "செவுத்துல என்ன படமா ஓடுது, இங்க திரும்பி உக்காந்து சாப்பிட்டா என்ன" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை, தட்டைச் சுவருக்கு நேரே வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு டிவி பார்ப்பாள். மொத்த வியாபாரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளில் பிடித்தது இது. அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு. முதலாளி வாசற்படியில் நின்றுகொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதைச் சொல்லியாகவேண்டும், திட்டினதில்லை, அடித்ததில்லை. இட்லியைப் பார்ப்பார். அப்புறம் என் கையைப் பார்ப்பார். அப்புறம் வாயை. இட்லி, கை, வாய். நான் இன்னொன்று எடுத்தால் தொண்டையை மெல்லச் செருமுவார். அந்தச் செருமல் கேட்டால் வாயில் இருக்கிறது கல்லாகிவிடும், விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அவர் செத்து, அவர் கடை போய், அந்தக் கடையின் மேஜையையே நான் ஏலத்தில் எடுத்து விற்றுத் தின்றாயிற்று. ஆனாலும் இன்றைக்கு என் பின்னால் யாராவது தொண்டையைச் செருமினால் என் கை தட்டிலிருந்து தானாக வெளியே வந்துவிடுகிறது. சரி, அது கிடக்கட்டும். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். பசி வந்தால் கண்டதும் நினைப்பு வரும். நாய்ப் பேச்சு எங்கே, இட்லிப் பேச்சு எங்கே.

மூன்று கடிகாரத்தில் ஒன்று நாலைத் தொட்டுவிட்டது, அது வேகமாக ஓடுகிற கடிகாரம், இருந்தாலும் என் ரத்தம் கொதித்தது. எழுந்தேன். போதும் என்றேன். "இதுக்கு மேல ஒரு பருக்கை ஏத்தமாட்டேன். இஷ்டம்னா தின்னு, இல்லன்னா கூண்டுக்குப் போ. எனக்கு ஒண்ணும் அவசியமில்ல" என்று அதன் மூஞ்சிக்கு நேரே கத்தினேன். கை கொடுத்தது. கொடுத்த கையை வாங்கவில்லை நான், முதல்தடவையாக வாங்கவில்லை, திரும்பி நடந்தேன். பேரத்தில் எல்லாம் தோற்றபின் ஒரு ஆயுதம் இருக்கிறது, முதுகு. விலை படியாவிட்டால் வேட்டியைத் தட்டிவிட்டு முதுகைக் காட்டி நடக்கவேண்டும், மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல், கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குள். எத்தனையோ பேர் என் முதுகைப் பார்த்துத்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். அதே நடையில் பீரோவுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கேரியரைத் திறந்தேன், வெறுப்பில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. அலுமினியம் சிமெண்டில் உரசுகிற சத்தம். ரொம்ப மெதுவாக, ஒரு தடவை. அப்புறம் ஒன்றுமில்லை. எலியோ. அப்புறம் மறுபடி உரசல், நாக்கின் சளக், மறுபடி உரசல், தட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வருகிறது. வாயில் வைத்ததை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மீன்தலை கடிபடுகிறது. கடிபடுவதுகூட மரியாதையாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி. திரும்பவேண்டும் போல இருக்கிறது, கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, பிடித்து வைத்தேன். எதிரே விற்காத டிரஸ்ஸிங் டேபிள், அதன் கண்ணாடி. அதில் பீரோவின் ஓரத்தைத் தாண்டித் தேன்நிற முதுகு தெரிகிறது, தலை குனிந்திருக்கிறது, வால் வயிற்றுக்கடியில் செருகியிருக்கிறது, சாப்பிடுகிற நாயின் வால் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை, திருடுகிற நாயின் வால் அது. கண்ணாடிக்குள் அது தலையைத் தூக்கியது. என் கண்ணைக் கண்டது. வாயில் பாதிப் புரோட்டா தொங்க, அப்படியே நின்றது. மெல்லவில்லை, விழுங்கவில்லை. பிறகு அந்தப் புரோட்டாவை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, உட்கார்ந்து, கண்ணாடிக்குக் கை நீட்டியது.

வார்த்தையெல்லாம் ஒன்றும் கிடையாது, அப்படித்தானே. ஈட்டும் இல்லை காவோவும் இல்லை. நீ அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லித்தரவில்லை. நீ நின்று பார்த்தாய். அது வாய் வைக்கும்போதெல்லாம் நீ பார்த்தாய், பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது, செருமினாயோ, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினாயோ. உட்கார் என்றால் உட்காரவும் கை என்றால் கை கொடுக்கவும் எவ்வளவு நேர்த்தியாகப் பழக்கியிருக்கிறாய், வருகிற விருந்தாளியெல்லாம் உன்னைப் பாராட்டியிருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு என் கவளத்தை மென்றேன். மென்று விழுங்கின பிறகு, பின்னால் தட்டு மறுபடி உரசியது. வெளியே ஆட்டோ வந்து நின்ற சத்தம், ஷட்டருக்கடியில் குனிந்து டீச்சர் வருகிற சத்தம், "என்ன அண்ணாச்சி, தின்னுதா" என்று தொடங்க, நான் திரும்பாமலே கையைத் தூக்கினேன். "டீச்சர், சத்தம் போடாதிய. செவுத்தப் பாத்துத் திரும்புங்க." "எதுக்கு?" "திரும்புங்கங்கேன்." டீச்சர் எட்டிப் பார்த்திருப்பார், ஒரு மூச்சை உள்ளே இழுத்தார், பிறகு வந்து என் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். சண்டை போட்ட இத்தனை காலத்தில் அவர் ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டது இதுதான். மிக்கேல் டீ கிளாஸோடு உள்ளே வந்தான், "என்ன, ரெண்டுவேரும் செவுத்துல..." "வே, வாய மூடிட்டுத் திரும்பும்." அவனும் திரும்பினான். ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார், சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவரும் நின்றார். வளர்ந்த நாலு பேர், வெள்ளையடித்து வருஷக்கணக்கான ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு நாய் சாப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு. மிக்கேலுக்குத் தொண்டையில் ஏதோ கமறியது, செருமப் போனான். அவன் கையைப் பிடித்து அமுக்கினேன். டீ சிந்தியது. செருமவில்லை.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பியாயிற்று. வெறும் வண்டி வந்த கூலிக்கு டீச்சரும் ஆட்டோக்காரரும் வாசலில் நின்று பேரம் பேசுகிறார்கள், டீச்சருக்குப் பேசத் தெரியவில்லை, எழுந்துபோய்ச் சொல்லிக்கொடுக்கலாம், முடியாது, தட்டு இன்னும் உரசுகிறது. ராத்திரி எலி வந்தால் வரட்டும், மெத்தையைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கே கொண்டுபோனால் செல்வக்கனி சுவருக்கு நேரே இன்னொரு தட்டு வைப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அதெல்லாம் என் பாடு. ஆனால் உன் பாடு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை நான் செய்ய முடியாது. என்னுடைய ஆள், அந்த முதலாளி, செத்துப்போனார், அவரைக் கூப்பிட்டு இனி ஒன்றும் ஆகாது. நீ இருக்கிறாய், இந்த ஊரில்தான் எங்கேயோ மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்திருக்கிறாய். எழுந்து வா. நாயைத் திருப்பிக் கேட்காதே, தரமாட்டேன், எவ்வளவு ஏற்றினாலும் தரமாட்டேன், இந்தச் சரக்கில் பேரம் கிடையாது. உன்னை நான் ஒன்றும் செய்யமாட்டேன், மிக்கேலிடம் டீகூட வாங்கித் தருகிறேன். வந்து, இந்த முக்காலியில் உட்கார்ந்து, இதன் தட்டில் உன் கையால் சோற்றை வை. வைத்துவிட்டு இதன் கண்ணைப் பார்த்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ தின்னலாம் என்று சொல். ஒரு தடவை சொன்னால் நம்பாது, நம்புகிறவரைக்கும் சொல். வால் வெளியே வருகிறவரைக்கும் உட்கார்ந்து சொல். கடை திறந்துதான் இருக்கும். அதுவரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.